சுங்கானரின் இருமல்

இந்தக் குடாநாட்டில் எங்கள் சுங்கானரைப் போலப் புகையை வெறுத்த மனிதர் முன்னும் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப் போவதில்லை. அப்படிப்பட்டவர் விரும்பிச் செய்யும் வேலையோ, பழைய சுங்கான்களை, அதாவது புகையிலை அடைத்துப் பிடிக்கும் பைப்புகளை, கழுவி மினுக்கிப் புதிதாக்குவது. கடவுளுக்கும் இடைக்கிடை பகிடி விடத் தோன்றும்போல.

இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் யாராவது சருகு கொளுத்தினால், நெருப்பு எழும்பும் முன்பே சுங்கானர் எழும்பி வந்துவிடுவார். செத்த வீட்டுக்குப் போனால் முதலில் நுளம்பு விரட்டப் புகையும் திரியை அணைப்பார், பிறகுதான் துக்கம் விசாரிப்பார். கோயிலில் கற்பூரம் காட்டும் நேரம் வெளிவீதி வரை பின்வாங்கி நின்று கும்பிடுவார். கேட்டால், “முருகனுக்கு என்ரை நெஞ்சு இழுக்கிறது தெரியும்” என்பார்.

அவர் பல் கட்டும் தொழில் பார்த்து ஓய்வு பெற்றவர். மலாயாப் பென்சன்காரர் ஒருவர் விட்டுப்போன சுங்கானை, கட்டுப்பல்லுக்கு மினுக்கம் போடும் சக்கரத்தில் ஒருநாள் சும்மா பிடித்துப் பார்த்திருக்கிறார். அது மினுங்கிய மினுக்கத்தில் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. தொழில் பழக்கமும் சுடுகாடு மட்டும் அல்லவா? சுங்கானையும் நோயாளியாகவே நடத்துவார். “ஆ எண்டு திற பாப்பம்” என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே படிந்த கரியைச் சுரண்டத் தொடங்குவார்.

கனடாவிலிருந்து வந்த ஒருவர், பெட்டகத்தில் கிடந்த தன் அப்பப்பாவின் சுங்கானைக் கொண்டுவந்து கொடுத்தார். வாயில் வைக்கும் குழலில் இருந்த பல்லடையாளத்தைச் சுங்கானர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உங்கடை அப்பப்பாவுக்கு இடப்பக்கம் கடைவாய்ப் பல்லு இல்லை. நல்ல கோவக்காரனும்போலை.”

“இல்லை அண்ணை, அவர் சரியான சாதுவாம். வீட்டிலை வாயே திறக்கமாட்டாராம்.”

“அதுதான் சொல்லுறன். வாய் திறக்கேலாதவை உப்பிடித்தான் கடிப்பினம்.”

உள்ளே ஊறிய பழைய நெடியை எடுக்க அவரிடம் ஒரு வைத்தியம் உண்டு. சுங்கானின் கிண்ணம் நிறைய உப்பைப் போட்டு, மேலே சாராயம் ஊற்றி, விடியும்வரை விட்டுவிட வேண்டும். உப்பு அத்தனை கசட்டையும் உறிஞ்சிவிடும். ஆனால் சாராயம் தானாக நடந்து வராதே! வெள்ளிக்கிழமை விரதக்காரர், மச்ச மாமிசம் தொடாதவர், நெற்றி நிறையத் திருநீற்றோடு சாராயக் கடை வரிசையில் நிற்பதை ஊரே பார்த்தது.

“உது குடிக்கிறதுக்கில்லை தம்பி, கழுவுறதுக்கு” என்பார் கடைக்காரரிடம்.

“ஓம் அண்ணை. இஞ்சை வாற எல்லாரும் கழுவத்தான் வாங்கினம்.”

இந்தப் புகழைக் கேட்டுத்தான் ரீச்சர் வந்தார். ஒழுங்கை முடியும் இடத்தில் தனியாக இருப்பவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். கணவர் காலமாகிக் கனகாலம். அவர் விட்டுப்போன சுங்கானின் குழல் ஆடுகிறது, அதை மட்டும் இறுக்கித் தந்தால் போதும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

“மட்டும்” என்ற சொல் சுங்கானரின் காதில் ஏறவே ஏறாது. ஒரு பல் ஆடுகிறது என்று வந்தவருக்கு வாய் முழுவதும் துப்புரவாக்கி அனுப்பிய கை அது. சுரண்டினார், உப்புப் போட்டார், சாராயம் ஊற்றினார், மினுக்கினார். பிறகு அயன் பண்ணிய சேட்டுப் போட்டுக்கொண்டு, தானே கொண்டுபோய்க் கொடுக்கப் புறப்பட்டார். என்ன நடக்கிறது என்று விடுப்புப் பார்க்க நானும் பின்னால் போனேன்.

ரீச்சர் அதன் மினுக்கத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மூக்கருகே கொண்டுபோனார்.

“மணம் எங்கை?”

“மணமோ ரீச்சர்? அதைத்தானே கஷ்டப்பட்டு எடுத்தனான்!”

ரீச்சர் இன்னொரு முறை மணந்து பார்த்தார். பிறகு, “ஒவ்வொரு நாளும் செபம் முடிய ஒருக்கா மணந்து பாப்பன். இடம்பெயர்ந்து போன நேரம் அவரின்ரை படம்கூட மிஞ்சேல்லை. உது ஒண்டுதான் கிடந்தது. பரவாயில்லை, நீங்கள் தெரியாமல்தானே செய்தனீங்கள்” என்றார்.

ஊரையே ஏசும் மனிதர் அயன் பண்ணிய சேட்டின் நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

“அவர் என்ன புகையிலை பத்தினவர் ரீச்சர்?” என்று கடைசியில் கேட்டார்.

“எங்கடை ஊர்ப் புகையிலைதான். பனங்கட்டிப் பாணியிலை ஊறவைச்சு, காயவிட்டு, ஏலக்காய் தட்டிப் போடுவார்.”

சுங்கானைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தவர் அதே பக்குவத்தில் புகையிலை செய்தார். அதற்குள் சுங்கானைப் புதைத்து வைத்துப் பார்த்தார். பச்சை மணம்தான் வந்தது. புகையிலையைத் தணலில் போட்டுச் சுங்கானுக்குப் புகை காட்டினார்; புகை வெளியில் ஒட்டியதே தவிர உள்ளே இறங்கவில்லை. ஒரே வழிதான் மிச்சம். யாராவது அதை வாயில் வைத்துப் புகைக்க வேண்டும்.

“என்ரை சித்தப்பா சுருட்டுக்காரர். அவரிட்டைக் குடுப்பமே அண்ணை?” என்றேன்.

“உவர் ஏன்? பிழை விட்டது நானெல்லோ.”

அன்று பின்னேரம் சருகு கொளுத்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், இருமல் சத்தம் கேட்டதும் சுங்கானர் சண்டைக்கு வருகிறார் என்று பயந்து, வாளித் தண்ணீரை எடுத்து நெருப்பில் ஊற்றிவிட்டார். எட்டிப் பார்த்தால், முற்றத்துக் கதிரையில் கண்ணீரும் மூக்குமாகச் சுங்கானர். வாயில் சுங்கான்.

“அண்ணை, என்ன உது?”

“பேசாதை. வேலை செய்யிறன்.”

ஒரு கிழமை இப்படிப் போனது. மறுபடியும் ரீச்சர் வீட்டுக்குப் போனோம். ரீச்சர் நெடுநேரம் மணந்து பார்த்தார்.

“அவரின்ரை மணம் இல்லை.” சுங்கானரின் தலை தொங்கிவிட்டது. “ஆனால் கிட்ட வந்திட்டுது.”

“இன்னும் கொஞ்சம் பத்தினால் வருமோ ரீச்சர்?”

“வரும்போலைதான் கிடக்கு.”

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில், ரீச்சர் தேவாலயத்தால் வந்ததும், சுங்கானர் அந்த விறாந்தையில் போய் இருந்து ஒரு கிண்ணம் புகைத்துவிட்டு வருகிறார். ரீச்சர் காற்றுப் பார்த்துக் கதிரை போட்டு, தேத்தண்ணியும் வைத்துக் கொடுக்கிறார். மணம் எப்போதோ வந்துவிட்டது. எங்கள் வீடுவரை வீசுகிறதே! ரீச்சர் அதைச் சொல்லவில்லை. சுங்கானரும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

போன ஞாயிறு இருமல் கேட்கப் பிந்திவிட்டது. குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வாசல் படலைக்கு ஓடினேன். ஒழுங்கை முடிவிலிருந்து அந்த முதல் இருமல் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.