ஏப்பம் வந்தால்தான் பஸ் கிளம்பும்

சேர்வராயன் மலையில் எந்தக் குழந்தை பால் கக்கினாலும், அதன் அப்பனுக்குத் தெரிவதற்கு முன்னால் பெருங்காயத்துக்குத் தெரிந்துவிடும். பெருங்காயம் என்பது ஆள். எழுபதுகளின் கடைசியில், ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு, குப்பனூர் வழியாகச் சேலம் போகும் பஸ்ஸின் கண்டக்டர். அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். கேட்டவர் யாருமில்லை.

அவருடைய தோல்பையில் ஓர் அறையில் சில்லறை, இன்னோர் அறையில் பெருங்காயக் கட்டியும் ஓமத்தண்ணி பாட்டிலும். அவர் கொடுத்த சில்லறையை முடிந்து வைத்தால் முந்தானை ஒரு வாரம் ரசம் மணக்கும். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் ஏறியதுமே பசிக்கிறது என்பார்கள்.

கல்யாணம் ஆகாத மனுஷன். பிள்ளை வைத்தியம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், "வைத்தியமெல்லாம் இல்லீங்க. கக்கினா பஸ்ஸக் கழுவறவன் நாந்தானுங்களே" என்பார்.

அதனால் ஒரு சட்டம் போட்டிருந்தார். பிள்ளையோடு யார் ஏறினாலும், டிக்கெட்டுக்கு முன்னால் விசாரணை.

"ஏனுங்கம்மா, எப்பப் பால் குடுத்தீங்க?"

"இப்பத்தானுங்க."

அவ்வளவுதான். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்ற வைப்பார். பிள்ளையைத் தோளில் போட்டு முதுகை நீவ வேண்டும். ஏப்பம் வந்தால்தான் விசில். பலாப்பழக்காரர், மிளகு மூட்டைக்காரர், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் எல்லோரும் முதலில் திட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே, "தட்டாதீங்கம்மா, கீழிருந்து மேல நீவுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒருநாள் ஏப்பம் பலமாகக் கேட்டது. டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். முதல் வளைவு தாண்டியதும் பெருங்காயம் கத்தினார்.

"நிறுத்துங்கண்ணா! அது கடைசி சீட்டுப் பெரியவரோடதுங்க!"

பெரியவர் மறுக்கவில்லை. "காலைல பழைய சோறுங்க" என்று மட்டும் சொன்னார். பஸ் சரிவிலேயே நின்று மறுபடியும் காத்திருந்தது.

இந்த ஆளிடம் நானும் மாட்டினேன். என் மூத்தவளுக்கு அப்போது ஒன்றரை வயது. அவள் வயிற்றுக்குள் போனதெல்லாம், சீசனுக்கு வந்தவர்கள் மாதிரி கொஞ்ச நேரம் தங்கிவிட்டு வந்த வழியே திரும்பிவிடும். டிஸ்பென்சரியில் கொடுத்த ரோஸ் கலர் மருந்தும் அப்படியே திரும்பியது. குப்பனூரிலிருந்து மாமியார் ஆள் விட்டுச் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம புள்ளயக் கூட்டியாரச் சொல்லு. எங்கண்ணு முன்னால கக்குச்சுன்னா இங்கயே உட்டுட்டுப் போவட்டும். நம்மூட்டுப் புள்ளய நானே வளத்துக்கறேன்."

என் வீட்டுக்காரர், "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

பிள்ளை கொழுகொழுவென்று தெரியட்டும் என்று இட்லி, வாழைப்பழம், பால் எல்லாவற்றையும் திணித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெருங்காயம் அவள் வயிற்றை, பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி விரலால் தட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, காப்பி மூட்டையாட்டம் அடைச்சு வெச்சிருக்கறீங்க?"

"கக்கினா மாமியா புள்ளய வெச்சுக்குவாங்களாமுங்க."

அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. டீக்கடையில் வெந்நீர் வாங்கிப் பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசினார். பஸ் மொத்தமும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. ஏப்பம் வந்தது. ரைட்டர் கைதட்டினார்.

"படுக்க வெச்சுராதீங்க, நிமுத்தியே வெச்சிருக்கோணும். நீங்க பயத்துல நசுக்கிப்போடுவீங்க, எங்கிட்டக் குடுங்க" என்றார் பெருங்காயம்.

ஒரு தோளில் பிள்ளை, ஒரு கையில் டிக்கெட். கொட்டச்சேடு தாண்டியது. குப்பனூர் கண்ணுக்குத் தெரிகிற வளைவில் எல்லாம் வந்தது. இட்லி, பழம், பால், ஒன்று பாக்கியில்லை. மொத்தமும் அவர் காக்கிச் சட்டை மேல்.

பெருங்காயம் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இங்க யாரும் ஒண்ணும் பாக்கலைங்க."

"நாங்க என்னத்தப் பாத்தோம்?" என்றார் மிளகு மூட்டைக்காரர்.

சட்டையைக் கழற்றிச் சுருட்டிவிட்டுப் பனியனோடு நின்றார். "உங்க சீலை சுத்தமா இருக்குதுங்க. அது போதும்."

மாமியார் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தார், கையில் ஒரு சொம்பு பாலோடு. என் சேலையைத் தொட்டுப் பார்த்தார். ஈரமில்லை. உடனே சொம்பைப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனார்.

"ஏனுங்காத்தா," பெருங்காயம் படிக்கட்டிலிருந்து கூப்பிட்டார். "மலையெறங்கி வந்த வயிறுங்க. செத்த நேரம் கழிச்சு ரெண்டு ரெண்டு வாயாக் குடுங்க."

"பனியனோட நின்னுட்டு எனக்கு நாயம் சொல்றயா? பஸ்ஸ எடுடா!"

"சொம்பக் கீழ வெய்யுங்க, எடுக்கறோம்."

விசில் வரவில்லை. மாமியாரும் அசையவில்லை. ஜன்னல்களில் தலை தலையாக முளைத்தது.

"வெச்சுருங்காத்தா! சேலத்துல கல்யாணத்துக்குப் போறமுங்க!"

"நொம்ப லேட்டாச்சுங்க, முகூர்த்தம் தப்பிப்போயிருமுங்க!"

யாருக்கும் பயப்படாத என் மாமியார், முகம் தெரியாத ஒரு கல்யாணப் பெண்ணுக்காகச் சொம்பைக் கீழே வைத்தார்.

அன்று பொழுதுக்கும் ரெண்டு ரெண்டு வாயாகத்தான் ஊட்டினார். பிள்ளை கக்கவில்லை. சாயங்காலம் அவரே வந்து எங்களை அதே பஸ்ஸில் ஏற்றிவிட்டார். "அந்தப் பனியங்காரன் சொன்னான்னு நான் ஒண்ணும் சொம்ப வெக்கல. சொல்லிப்போடு அவங்கிட்ட."

துவைத்த சட்டை இன்னும் காயாமல் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரத் துணி பிள்ளைக்கு ஆகாது என்று பெருங்காயம் அதைப் போடவில்லை. ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினார். பிள்ளையைக் கொடுத்தேன். உடனே தூங்கிவிட்டாள். டிக்கெட்டை ஜனங்களே கிழித்துக்கொண்டு சில்லறையைப் பையில் போட்டார்கள்.

மேலே ஏற ஏறக் குளிர் ஏறியது. என் கம்பளியை எடுத்து நீட்டினேன்.

"வேண்டாமுங்க," என்றார் மெதுவாக. "கையத் தூக்கினா முழிச்சுக்குவா."

வளைவுக்கு வளைவு பஸ் ஆடியது. குளிரில் அவருக்குப் பல் தந்தியடித்தது. அவள் படுத்திருந்த தோள் மட்டும் ஆடவில்லை.