பிலாத்துக்கு அப்புறம்

தேவதாஸுக்குப் பூசையில் எல்லோரும் சொல்லும் விசுவாசப் பிரமாணச் செபம் தெரியாது. ஞானஸ்நானம் வாங்கி, கல்யாணம் கட்டி, பெண்ணையும் பெற்றாயிற்று; இத்தனை வருஷமும் கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து வாயை மட்டும் அசைத்தே காலத்தை ஓட்டிவிட்டான். கடைசியில் வரும் ஆமென் மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்கும். அந்த ஆமெனில் மயங்கித்தான் மாமனார் ரோஸ்மேரியைக் கொடுத்தார்.

இப்போது வினை மகள் பிரின்சி ரூபத்தில் வந்தது. அவளுக்குப் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிள்ளைகளிடம் அந்தச் செபத்தைக் கேட்பார். பிள்ளை தடுமாறினால் கூட நிற்கும் அப்பாவோ அம்மாவோ எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று பூசையிலேயே சொல்லிவிட்டார். ரோஸ்மேரிக்கு அன்றைக்கு இறால் கம்பெனியில் ஷிப்ட். பிரின்சியோ தினமும், செபத்தின் நடுவில் சாமிக்குத் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து வரைக்கும் கடகடவென்று வந்து, அங்கேயே நின்றுவிடுவாள்.

“அப்புறம் இன்னா நைனா?”

“யோசி. எல்லாத்தையும் நானே சொல்லிட்டா நீ இன்னாத்துக்கு இருக்க?” என்று ஆட்டோவைத் துடைக்கப் போய்விடுவான். துடைத்த துடைப்பில் பெயின்டே போய்விடும் போலிருந்தது.

ஊரே பார்க்க, மகள் பக்கத்தில் அவன் திருதிருவென்று விழிக்க முடியுமா? புத்தகத்தை எடுத்துப் படித்தால் ரோஸ்மேரியிடம் குட்டு உடைந்துவிடும். அதனால் செபத்தைப் போனில் ஏற்றி, பொன்னேரி போகும் தன் ஷேர் ஆட்டோவில் சினிமாப் பாட்டுக்குப் பதில் அதை ஓடவிட்டு, கூடவே முணுமுணுத்தான். பிலாத்து பேர் வருகிற நேரம் பார்த்து யாராவது இறங்கவேண்டும் என்பார்கள். அதற்குமேல் மண்டையில் ஏறவில்லை.

மீன்கூடையோடு தினம் ஏறும் பக்கத்து வீட்டுத் தேவகியக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதோடு சரி. மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தேவதாஸ் செப ஊழியத்தில் இறங்கிவிட்டான் என்று கோட்டைக்குப்பம் வரைக்கும் சேதி போயிற்று. மறுநாளே படகுக்காரத் தாமோதரன் வழிமறித்து, புது இஞ்சின் மாட்டியிருக்கிறேன், கை வைத்து செபம் பண்ணு என்று இழுத்துக்கொண்டு போனான். மறுத்தால் அபசகுனம் என்பானே என்று இவனும் இஞ்சின் மேல் கையை வைத்து, தெரிந்தமட்டும் சொல்லி, பிலாத்து வந்ததும் ஓங்கி ஒரு ஆமென் போட்டு எழுந்தான்.

தாமோதரன் விடவில்லை. “இன்னாபா, மனுசன பிலாத்துகிட்டயே வுட்டுட்டு வந்துட்ட? அப்புறம் இன்னா ஆச்சு?”

“நாளைக்குச் சொல்றேன்” என்று தப்பித்தான்.

கெட்ட நேரம், அன்றைக்குப் பார்த்துத் தாமோதரன் வலையில் கொடுவா மீன் அள்ளிக்கொண்டு வந்தது. மறுநாள் கரையில் ஒரு கும்பலே நின்றது. வலை, ஐஸ் பெட்டி, ஓடாத பைக், எல்லாம் வரிசையில். அத்தனை பேருக்கும் பிலாத்துக்கு அப்புறம் என்ன ஆனது என்று தெரிந்தாகவேண்டும். வேறு வழியில்லாமல் தினம் ஒரு வரியைப் படித்துக்கொண்டு போய்ச் சொன்னான். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று சொன்ன அன்று தாமோதரன் கையைத் தட்டிவிட்டான். தேவதாஸுக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட சேதி இப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரின்சி கணீரென்று ஆரம்பித்தாள். பிலாத்து வந்தார். நின்றாள். சாமியார் தேவதாஸைப் பார்த்தார்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு, பிலாத்திலிருந்து நித்திய வாழ்வு வரைக்கும் ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தான். ஆமென் சொல்லத்தான் மறந்துபோனான். அதை வாசலில் கூடையோடு நின்ற தேவகியக்கா சொன்னாள். சாமியார் சிரித்துவிட்டு, அப்பாவும் பெண்ணும் இரண்டு பேருமே பாஸ் என்றார்.

வெளியே வந்ததும் தேவதாஸுக்குத் தலை கால் புரியவில்லை. “இத்தினி நாளு ஆகியும் அதே எடத்துலதான் நிக்கிற. நைனா இல்லன்னா இன்னா பண்ணியிருப்ப?” என்று மகளிடம் அதட்டலாகக் கேட்டான். பிரின்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

தேவகியக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. “அத ஏன் தம்பி அதட்ற? எனக்கு மொத்த செபத்தையும் கத்துக் குட்த்ததே அதான். கோயில்ல உம் பக்கத்துல நிக்கிற புள்ளைக்கு, நீ வெறும் வாய அசைக்கிறது தெரியாதா? நைனாவுக்கு வர்ற வரைக்கும் பிலாத்த தாண்ட மாட்டேன்னு சொல்லினு இருந்துச்சு.”