ரன்னிங் கண்டிஷன்

இந்த நூற்றாண்டின் மாபெரும் மீட்புப் பணி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் நடந்தது என்பதை வரலாறு ஒருநாள் ஒப்புக்கொள்ளும். அந்தக் காலம் முழுவதும் நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம் என்பதையும் அது ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

மீட்டவர் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். வேலை நிமித்தம் நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்ததால், அந்தப் பணியை மிக அருகில், பெரும்பாலும் டார்ச் பிடித்தபடி, காணும் பேறு பெற்றேன். மீட்கப்பட்டது, ரிமோட்டில் ஓடும் ஒரு பழைய கார். மண், மேடு, பள்ளம் எதிலும் பாய்ந்து ஓடுவதற்கென்றே செய்தது. அதைப் 'பொம்மை' என்று சொன்னால் அத்தானின் முகம் சுருங்கிவிடும். அந்த வகை வண்டிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரால் 'பக்கி' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைத் திட்டாக மட்டுமே அறிந்திருந்த மேல்வீட்டு அம்மா, "என் பக்கி எங்க? யார் தொட்டது?" என்று அத்தான் தினமும் கேட்பது காதில் விழுந்து, கட்டிய மனைவியை இப்படியா கூப்பிடுவார் என்று வருத்தப்பட்டாராம்.

பக்கி உண்மையில் அக்காவுடையது. சிறுமியாக இருந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு பாயும் என்பதால் 'ஓணான்' என்று பெயர் வைத்திருந்தாள். பின்சக்கரம் ஒன்றின் டயரில் என் பல் தடம் இருக்கும். அப்போது எனக்கு நான்கே பல்தானாம். அப்பா வீட்டுப் பரணை ஒழித்தபோது கிடைத்த அதை, அக்கா ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தாள். புது பேட்டரி போட்டாள். ஓணான் ஒருமுறை தும்மியது. பிறகு ஹாலை ஒரே மூச்சில் கடந்து, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அத்தானின் கால் கட்டைவிரலில் மோதி நின்றது.

அத்தான் விரலைத் தடவிக்கொள்ளவில்லை. ஓணானை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். கைபேசியில் தேடினார். அவர் முகத்தில் ஓர் ஒளி வந்தது.

"இது வின்டேஜ்," என்றார்.

"நல்லா ஓடுதுங்க," என்றாள் அக்கா.

"அதான் பிரச்னையே. வின்டேஜ் வண்டிய இப்படி ஓட்டலாமா? மொதல்ல மீட்கணும்."

"எதுலேர்ந்து?"

அத்தான் சாப்பாட்டு மேஜையின்மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். வேலியோடு போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவர்களுக்குப் பழமொழி இருக்கிறது. மேஜையில் கட்டிக்கொண்டவர்களுக்கு இன்னும் இல்லை.

அக்காவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர். அத்தான் அவளிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் முடியும் பயிற்சி அவருக்கு ஒரு மழைக்காலம் முழுக்க நீடித்தது. கிளட்ச்சிலிருந்து காலை எடுக்க அவருக்கு மனமே வராது. "விடுங்க. மெதுவா விடுங்க," என்று அக்கா சொல்லிச் சொல்லி, கடைசியில் இருவருக்கும் கல்யாணமே ஆகிவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு அத்தான் பெருந்தன்மையோடு, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு, வெயில்ல எதுக்கு அலையணும்," என்றார். 'கொஞ்ச நாள்' என்பது அலகில்லாத அளவு என்று அறிவியல் படித்த எனக்குத் தோன்றியது.

ஓணான் வந்த அதே வாரம் டிரைவிங் ஸ்கூல் மேடம் அக்காவுக்குப் போன் செய்தார். இருந்த பயிற்சியாளர் போய்விட்டாராம். பெண்கள் நிறையப் பேர் கற்றுக்கொள்ள வருகிறார்களாம். திரும்பி வருகிறாயா என்று கேட்டார். போனை வைத்த பிறகு அக்கா கொஞ்ச நேரம் வலது காலால் தரையை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அத்தானிடம் கேட்டாள்.

"பக்கி முடியட்டும். உக்காந்து பேசுவோம்," என்றார் அத்தான், ஒரு திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றிலிருந்து பக்கி முடிவதற்காக அக்கா காத்திருந்தாள். அக்காவுக்காக மேடம் காத்திருந்தார்.

மீட்புப் பணியின் முதல் கட்டத்துக்கு 'ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவருதல்' என்று பெயர். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஓணானோடு கூடப் பிறந்த மோட்டார், பல்சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் தேய்ந்திருந்ததால் அவை 'ஒரிஜினல்' அல்ல. போன மாதம் எங்கோ ஒரு தொழிற்சாலையில் வார்க்கப்பட்டு, தபாலில் வந்து இறங்கியவைதான் 'ஒரிஜினல்'. இவ்வாறாக அத்தான் ஒரிஜினலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரிஜினலை மாட்டினார். என் பல் தடமிருந்த டயரும் போனது.

"அதுல என் பல்லு இருக்கு அத்தான்," என்றேன். அந்த வாரம் நான் பேசிய நீளமான வாக்கியம் அது.

"அது கம்பெனி ஃபிட்டிங் இல்லம்மா," என்றார் கனிவோடு.

இரண்டாம் கட்டம் 'மேம்படுத்துதல்'. அச்சு சுழலும் இடங்களில் பிளாஸ்டிக் வளையம் போய், எஃகுக் குண்டுகள் வைத்த பால் பேரிங் வந்தது. பழைய மோட்டாரை வெட்கப்பட வைக்கும் புது மோட்டார் வந்தது. ஆன்டெனாவை இழுத்துவிட வேண்டிய ரிமோட் போய், திரை வைத்த ரிமோட் வந்தது. எல்லாம் முடிந்தபோது ஓணான் முன்பைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடும் ஆற்றலைப் பெற்றிருந்தது. ஆகவே அதை ஓட்டவே கூடாது என்று அத்தான் அறிவித்தார். ஓய்வில் இருக்கும் பொருள் ஓய்விலேயே இருக்கும் என்பது இயற்பியல் விதி. ஓடிக்கொண்டிருக்கும் பொருளுக்கும் அதை விரிவுபடுத்தியது அத்தானின் பங்களிப்பு.

நடுவில் ஒரு சிறு குழப்பம். மேடம் ஒருநாள் அழைத்து, என்ன முடிவு என்று கேட்டபோது, "அவர் இன்னும் சஸ்பென்ஷன்லயே இருக்கார் மேடம், அது முடிஞ்சாத்தான் பேச முடியும்," என்று பால்கனியில் நின்று சொன்னாள் அக்கா. ஓணானின் நான்கு சக்கரங்களுக்கும் குலுங்காமல் இருக்க ஆயில் ஊற்றிய ஷாக் அப்சார்பர், அதாவது சஸ்பென்ஷன், மாட்டிக்கொண்டிருந்தார் அத்தான், அவ்வளவுதான். கீழ்வீட்டு ரிட்டையர்டு மேனேஜர் காதில் பாதிதான் விழுந்தது. படியேறி வந்து அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேள்விப்பட்டேன் தம்பி. காரணம் என்ன சொன்னாங்க?"

"முப்பது வருஷத் தேய்மானம் சார். லீக் வேற ஆகுது."

"தேய்மானத்துக்கெல்லாமா சஸ்பெண்ட் பண்ணுவாங்க? அதுவும் விஷயத்தை லீக் பண்ணி?"

"முன்னாடி ரெண்டும்தான் சார் மோசம். பின்னாடி பரவால்ல."

"பின்னாடி நல்லதே நடக்கும்," என்று ஆசீர்வதித்துவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கடைசியில் ஓட்டுநர் மட்டும் பாக்கி. ஓணானின் இருக்கையில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு ஹெல்மெட் போட்ட பொம்மை இருக்கும். "ஓட்டுறவங்க இல்லாம வண்டிக்கு என்ன மரியாதை?" என்று அத்தான் பூதக்கண்ணாடியின் அடியில், மூன்றே மயிர் கொண்ட தூரிகையால், அதற்குப் புருவம் தீட்டினார். ஓட்டத் தெரிந்தவள் பக்கத்தில் நின்று, டீ ஆறுகிறது என்று நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள்.

மேடத்தின் பொறுமையும் ஆறிவிட்டது. திங்கட்கிழமை காலை வகுப்புக்கு வந்தால் சரி, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன், என்னைத் தப்பா நினைக்காதே என்றார். அக்கா மறுபடி அத்தானிடம் போனாள். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி இருக்கிறது, அதில் சான்றிதழ் கிடைத்துவிட்டால் பக்கி முடிந்த மாதிரி, அன்றைக்கே பேசிவிடலாம் என்று அத்தான் வாக்குக் கொடுத்தார். கிடைக்காவிட்டால் என்ற கேள்விக்கு, அப்போது பக்கி முடியவில்லை என்று அர்த்தம் என்றார். தர்க்கத்தில் அவரைக் குறைசொல்ல முடியாது.

கண்காட்சியை நடத்தியது 'தூர இயக்கப் பழம்பெரும் வாகன மீட்போர் பேரவை'. அத்தானையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர். தலைவர் ஒரு பல் டாக்டர். பற்களுக்குப் பயன்படாத நேரத்தில் அவருடைய கருவிகள் பல்சக்கரங்களுக்குப் பயன்பட்டன. நூலகத்தின் பின்பக்க ஹாலில், நீல வெல்வெட் துணிமேல் ஐந்து பக்கிகள் பளபளத்தன. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். மண்ணில் உருள்வதற்காகப் பிறந்த இருபது சக்கரங்களில் ஒரு துளி மண் கிடையாது. ஹாலின் கதவைத் திறந்தால் வெளியே குழாய் பதிக்கத் தோண்டிய மண் குவியல் குவியலாகக் கிடந்தது. முந்தின நாள் மழை வேறு. மண் உள்ளே வரும் என்று கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

தலைவர் கையுறை மாட்டிக்கொண்டு ஓணானை நெருங்கினார்.

"உங்க கைக்குக் கிடைச்சப்ப என்ன கண்டிஷன்ல இருந்தது?"

"உயிரே இல்ல டாக்டர்," என்றார் அத்தான். "நான்தான் கொடுத்தேன்."

பை தூக்கிக்கொண்டு பின்னால் நின்ற அக்கா, "ஓடிட்டுதான் சார் இருந்துது," என்றாள். "நல்ல ரன்னிங் கண்டிஷன்."

தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, போன கூட்டத்தில் ஏதோ ஓர் உற்சாகத்தில் தாங்களே நிறைவேற்றிய தீர்மானத்தை நினைவூட்டினார். சான்றிதழ் பெறும் வாகனம் 'இயக்கச் சோதனை'யில் தேற வேண்டும். அதாவது ஓட வேண்டும். ஐந்து பேருக்கும் பக்கியைப் பிரிக்கத் தெரியும், திரும்ப மாட்டத் தெரியும், அதன் பிறந்த வருடம் தெரியும். ஓட்டத் தெரியாது. ஒருவரும் ஓட்டிப் பார்த்ததே இல்லை.

யார் ஓட்டுவது என்று ஜனநாயக முறைப்படி ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ஐந்து பேரும் வெவ்வேறு ஆளுக்கு ஓட்டுப் போட்டார்கள். எவரும் தனக்கே போட்டுக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஓர் ஓட்டு விழுந்தது. மறுவாக்கெடுப்பிலும் அதேதான்.

"எனக்கு இங்க ஓட்டு இல்ல," என்றாள் அக்கா. "ஆனா ஓட்டத் தெரியும்."

பையைக் கீழே வைத்துவிட்டு ரிமோட்டை எடுத்தாள். அத்தான் பாய்ந்து போய் ஓணானை இரு கைகளாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மண்ணில் இறக்கினால் மண்ணாகிவிடும், பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும், புருவம் அழிந்துவிடும் என்று வரிசையாகச் சொன்னார். அக்கா போய்க் கதவைத் திறந்து வைத்தாள். திரும்பி வந்தாள். பல வருடங்களாக நாங்கள் யாரும் கேட்காத ஒரு குரலில், முன் இருக்கையின் இடது பக்கத்திலிருந்து வரும் அந்தக் குரலில், சொன்னாள்:

"விடுங்க."

அத்தான் விழித்தார்.

"மெதுவா விடுங்க. பயப்படாதீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்."

ஒரு மழைக்காலம் முழுக்கப் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை. அத்தானின் கைகள் தாமாகவே கீழே இறங்கின. ஓணான் தரையைத் தொட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பேரவை தன் குறிப்பேட்டில் 'விபத்து' என்று பதிந்திருக்கிறது. ஓணான் கதவைத் தாண்டி முதல் குவியலில் ஏறி, மூக்கைத் தூக்கி, அந்தரத்தில் பறந்து, குட்டையில் இறங்கிச் சேற்றை வாரி இறைத்தது. தலைவரின் வெள்ளைச் சட்டையில் அதன் பெரும்பகுதி தங்கியது. அக்கா ரிமோட்டைப் பார்க்கவே இல்லை. மேட்டில் வேகத்தைக் கொடுத்தாள், இறக்கத்தில் விட்டாள், திருப்பத்தில் வாலைச் சுழற்றினாள். பின்னால் ஐந்து ஆண்கள் ஒழுங்கான வரிசையில், "ஐயோ பெயின்ட், ஐயோ பெயின்ட்" என்று ஓடினார்கள். பேரவையின் வரலாற்றில் ஐந்து உறுப்பினர்களும் இயங்கும் நிலையில் காணப்பட்டது அன்றுதான். நான் நடுவில் எங்கோ சத்தமாகச் சிரித்திருக்கிறேன் போல. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா ஓணானை ஓட்டிக்கொண்டே வந்து, அத்தானின் கால் கட்டைவிரலில் மோதி நிறுத்தினாள்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பு வழங்கினார். வாகனம் பிரமாதமாக ஓடுகிறது. ஆனால் ஓடியிருக்கிறது. எனவே அது 'பயன்படுத்தப்பட்டது' என்ற வகையில் சேரும். சான்றிதழ் இல்லை.

அத்தான் ஓணானின் அடியில் வழிந்த சேற்றை விரலால் வழித்தார். புருவம் இருந்த இடத்தில் ஒரு பழுப்புக் கோடு இருந்தது.

"மறுபடி மொதல்லேர்ந்து பிரிக்கணும்," என்றார். பிறகு ஏதோ நினைவு வந்து அக்காவைப் பார்த்தார். "அப்ப பக்கி இன்னும் முடியல."

"பிரிங்க. மேஜைய நீங்களே வெச்சுக்கோங்க," என்றாள் அக்கா. கையிலிருந்த சேற்றைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு மேடத்துக்குப் போன் செய்தாள். காலையில் எந்த வண்டி என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் கிளம்பும்போது அத்தான் வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டிருந்தார். அவர் உழைப்பைப் பேரவை மதிக்கவில்லையே என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். ஒரு கீறல், ஒரு தூசி, ஒரு துளி வெயில் படாமல் பொருள்களைப் பாதுகாப்பதில் அவருக்கு நிகர் யாருமில்லை. அப்படி இரண்டைப் பாதுகாத்தார். இரண்டுமே அவர் கைக்கு வந்தபோது ஓடிக்கொண்டிருந்தன.