எக்ஸாக்ட்லி அண்ணனும் ஒடுங்கிய பெட்டியும்

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு முழு ஆயுளையும் ஓட்டிவிட முடியும் என்று நிரூபித்தவர் எங்கள் எக்ஸாக்ட்லி அண்ணன். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட் கிளார்க். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

அந்தச் சொல்லுக்கு அகராதி ‘துல்லியமாக’ என்று பொருள் சொல்கிறது. அகராதி எழுதியவர்கள் அண்ணனைப் பார்த்ததில்லை. டீ வேணுமா என்றால் எக்ஸாக்ட்லி. வெயில் ஜாஸ்தி என்றால் எக்ஸாக்ட்லி. வண்டி எப்போது வரும் என்று கேட்டால் மட்டும், “மூணு மணி, இல்லாங்காட்டி ஆறு மணி, வந்துரும் நைனா” என்பார்.

ஒருநாள் காலை வரிசையில் யார் முன்னால் என்று இரண்டு டிரைவர்களுக்குத் தகராறு. “நான்தான மொதல்ல வந்தேன்?” என்றார் ஒருவர். “எக்ஸாக்ட்லி.” மற்றவரும் அதையே கேட்டார். “எக்ஸாக்ட்லி.” இருவரும் ஜெயித்த சந்தோஷத்தில் ஒன்றாக வண்டியை எடுக்க, இரண்டு டிரெய்லரும் கேட்டில் சிக்கிக்கொண்டன. பிரித்தெடுக்க மத்தியானம் ஆனது.

உள்ளே வரும் ஒவ்வொரு கன்டெய்னர் பெட்டியையும் சுற்றிப் பார்த்து, எங்கே ஒடுக்கு, எங்கே ஓட்டை என்று சீட்டில் எழுதுவதுதான் அவர் வேலை. டிரெய்லர்கள் வரிசைகட்டி ஹாரன் அடிக்கும்போது யார் சுற்றுவது? நின்ற இடத்திலிருந்தே ‘டேமேஜ் இல்லை’ என்று எழுதித் தள்ளுவார். ஆபீஸ் ஜன்னல் வழியாக அதைத் தினமும் பார்த்தபடி நான் அந்தச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன்.

அப்படி வந்த ஒரு பெட்டியைப் பிறகு பார்த்தால் அதன் பின்பக்கம், ஆள் உட்காரும் அளவுக்கு ஒடுங்கியிருந்தது. பழி, அதைக் கிரேனில் தூக்கி அடுக்கிய காதர் பாய் தலையில் விழுந்தது. அவர் வேலை போய்விடும் நிலை. மேனேஜர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார்.

“வரும்போது நல்லாத்தான் இருந்திருக்கு, நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ பாய்தான் இடிச்சிருக்கார், இல்லையா?”

ஒரு சொல் போதும், அண்ணன் தப்பித்துவிடலாம். அது எந்தச் சொல் என்று பாய்க்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார்.

“இல்ல சார்,” என்றார் அண்ணன். “பொட்டிக்குப் பின்னால நான் போவவே இல்ல. பாக்காம எழுதிட்டேன். எப்ப ஒடுங்குச்சுன்னு எனக்குத் தெரியாது. பாய் மேல போடாதீங்க.”

பாயின் வேலை தப்பியது. அண்ணனை மணலி புதுநகர்ப் பக்கம் ஒரு குடோனுக்குத் தூக்கியடித்தார்கள். தினமும் பார்த்துக்கொண்டிருந்த நான் அன்று வாயே திறக்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தபோது முதலில் போன் செய்து வாழ்த்தியவர் அவர்தான்.

இவ்வளவு நேரம் அவரைக் கேலி செய்துவிட்டேன். வேறு யாராவது செய்தால் எனக்குக் கோபம் வரும்.