ஏழுமலையின் கோரைப்பல்

வீட்டில் வாயே திறக்காத புருஷனைப் பொறுத்துக்கொள்ளலாம். அதே ஆள் வெளியே போய் வாய் வளர்த்தால் பொறுக்கவே முடியாது.

நானும் என் கணவர் ஏழுமலையும் மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரை விடுதி ஒன்றில் வேலை பார்த்தோம். நான் வரவேற்பறையில், அவர் சமையற்கட்டில். வீட்டில் அவர் பேச்செல்லாம் 'உம்', 'உப்பு கம்மி' என்ற இரண்டோடு முடிந்துவிடும். (சமையல்காரரைக் கட்டிக்கொண்ட பாவம்.)

அக்டோபர் கடைசியில், ஹாலோவீன் என்று விருந்தாளிகளுக்காக எங்களுக்கெல்லாம் பேய் வேஷம் கட்டிவிட்டார் மேனேஜர். மூடிப்போன நாடகக் கம்பெனி ஒன்றிலிருந்து பழைய உடுப்பு மூட்டை வந்தது. அதில்தான் வினை.

செக்யூரிட்டி மணி அண்ணன் பூனை உடுப்பை மாட்டிய கையோடு, மதில்மேல் ஏறிப் புறங்கையை நக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்த பண்றே?"

"தெர்லம்மா. எறங்கவே மனசு வரல. உள்ள வஞ்சிரம் கீதா?"

எலும்புக்கூடு வேஷம் போட்ட தோட்டக்காரர் பிரியாணியை வேண்டாமென்றார், போட்டுக்கொள்ள வயிறே இல்லையாம். எனக்குக் கொடுத்தது சூனியக்காரியின் கூம்புத் தொப்பி.

ஏழுமலை ரத்தக்காட்டேரி. கறுப்பு அங்கி, பசை வைத்து ஒட்டும் கோரைப்பல். போட்டதும் மனிதர் நிமிர்ந்தார். ஒரு வெள்ளைக்காரம்மாவின் கையில் குனிந்து முத்தமிட்டு, உங்கள் கண்கள் கடலைவிட ஆழம் என்றார், இங்கிலீஷில்! (என் கண்ணில் பூச்சி விழுந்தபோதுகூட அந்த ஆள் எட்டிப் பார்த்ததில்லை.)

அங்கியைப் பிடித்து அவரைத் தூண் பக்கம் இழுத்துப் போனேன்.

"யோவ், இன்னாய்யா நடக்குது?"

"நா இன்னாமே பண்ணுவேன்? அங்கிதான் பேசுது."

"அப்ப கழட்டு."

"மனசு வரலமே."

"பேசுற பல்லு கொட்டிப் போவ!" என்று கத்தினேன். விருந்தே திரும்பிப் பார்த்தது.

அவர் சிரித்துக்கொண்டே அந்தம்மாவிடம் திரும்பிப் போய்க் குனிந்தார். தொபக்கென்று கோரைப்பல் அவள் நண்டு சூப்பில் விழுந்தது. அலறிக்கொண்டே கரண்டியால் எடுத்தாள். பிளாஸ்டிக் பல்லோடு ஒட்டிக்கொண்டு ஏழுமலையின் சொந்தப் பல்லும் வந்தது.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. என் தொப்பியைப் பார்த்தார்கள். மேனேஜர் பின்வாங்கி நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மணி அண்ணன் மதிலிலிருந்து குதித்து, "யம்மா, என்ன ஒண்ணியும் சொல்லிடாத தாயி!" என்று கும்பிட்டார்.

ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைப் பசை இழுத்துவிட்டது என்றார் பல் டாக்டர். யார் நம்புகிறார்கள்? ஏழுமலை அந்த ஓட்டையை அடைக்க மறுத்துவிட்டார். சதுரங்கப்பட்டினத்திலிருந்து என் நாத்தனார் வரும்போதெல்லாம் அதைக் காட்டிக் கதை ஆரம்பிப்பார்.

"அன்னிக்கு அந்த உடுப்பு எல்லாரையும் மாத்திச்சு. இவள மட்டும் மாத்தல."

"ஏன்ணே?" என்பாள் அவள், முதல்தடவை கேட்பவள் மாதிரி.

"மாத்தறதுக்கு அங்க இன்னா கீது?"