துரியோதனன் தொடை மண்

பெருமதிப்பிற்குரிய மாமா ஆதிநாராயணன் அவர்களுக்கு, காக்களூரிலிருந்து தங்கள் மைத்துனன் பார்த்திபன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் குணசுந்தரியும் வாடகை வீடும் ஒருவாறு நலம். அங்கு தாங்களும் தமிழ்செல்வி அக்காவும் இரண்டு எருமைகளும் நாற்றங்காலும் நலமாக இருக்க திரௌபதி அம்மனை வேண்டுகிறேன். கடம்பத்தூர் கூப்பிடு தூரம், கையில் போன் இருக்கிறது, இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போன் என்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் கதவோரம் இருப்பதற்குக் கேட்டுவிடும். அதற்கு எழுதப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். நாற்பது தாண்டியவனெல்லாம் முப்பது கிலோ மூட்டையைத் தரையிலிருந்து தோளுக்கு ஏற்றி, குடோனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து காட்ட வேண்டும், முடியாதவன் வீட்டுக்குப் போகலாம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். எனக்கு நாற்பத்தாறு ஆகிறது, கேஸ் சிலிண்டரையே உருட்டித்தான் கொண்டுபோவேன், இந்த வயதில் வேலை போனால் எவன் மாமா சேர்ப்பான், தூக்கமே போய்விட்டது. அதனால் பீட்டர் மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், ஏரிக்கரை மைதானத்தில் விடியற்காலையில் என்னைப் போன்றவர்களை ஓட்டப்பந்தய வீரர்கள் கணக்கில் பழக்குகிறார். "ரேஸ்ல ஓடுறவன் செய்யிறத நீயும் செய்யலாம்பா, அளவுதான் வேற" என்றார். தரையில் ஏணி மாதிரி கட்டம் போட்டு அதற்குள் காலை மாற்றி மாற்றி வைத்து ஓடணும், பக்கவாட்டில் நண்டு மாதிரி போகணும், திடீரென்று நின்று திரும்பணும். வீட்டிலும் பழகச் சொன்னாரே என்று வாசலில் குணாவின் கோலமாவை எடுத்துக் கட்டம் போட்டேன். அது பச்சரிசி மாவு. நான் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் எறும்புகள் பாதி ஏணியைத் தின்றுவிட்டன. "கோல மாவு மேல குதிச்சினு கீற, நீயின்னா பாண்டி ஆட்ற பொட்டப் புள்ளயா" என்று குணா கேட்டாள். எதிர்வீட்டுக்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. மாஸ்டர் ஒரு மூட்டை மண் கொண்டுவரச் சொன்னார், தூக்கி நடக்க. அந்த வாரம்தான் தங்கள் ஊர்த் தீமிதிக்கு வந்தேன். மறுநாள் கிளம்பும்போது கோயில் களத்தில் நல்ல செம்மண் குவிந்து கிடந்தது, ராத்திரி மழையில் ஊறி, பிசைந்த மாவு பதத்தில். சாக்கை நிரப்பினேன், வண்டியில் கட்டினேன், வந்துவிட்டேன். பாரதக் கூத்து முடிகிற அன்று களத்தில் மண்ணால் படுக்க வைத்து, பீமன் வேஷக்காரர் தொடையில் அடித்துச் சாகடிப்பாரே, அந்தத் துரியோதனன் அது என்று எனக்கு எப்படித் தெரியும்? கிரீடமும் மீசையும் மழையில் கரைந்துவிட்டிருந்தன. ஊர் ஜனங்கள் ஆளுக்கு ஒரு பிடி எடுத்துப்போய் நெல்லில் போட்டு வைப்பார்கள். நான் ஒரு தொடையையே எடுத்து வந்துவிட்டேன் மாமா. அக்காதான் பிறகு போனில், "எவனோ துரியோதனன் வலது தொடைய வாரிக்கினு போய்ட்டான்டா, உங்க மாமா பேஜாராயிட்டாரு" என்றாள். அப்படியா என்று கேட்டு வைத்தேன்.

முதல் வாரம் ஒன்றும் இல்லை. தூக்கினேன், நடந்தேன், மூச்சு வாங்கியது. அப்புறம்தான் கனம் ஏற ஆரம்பித்தது. ஆள் பழகப் பழக மூட்டை லேசாகணும், இது தினம் தினம் கனத்துக்கொண்டே போகிறது. ஏரிக்கரையில் அதைத் தோளில் வைத்து நடக்கும்போது நான் மூச்சை அடக்கினால் காதோரம் இன்னொரு மூச்சு ஓடுகிறது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் விளக்கு முதுகில் விழும்போது என் நிழலுக்கு இரண்டு தலை. ஒன்று மூட்டை என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். மூட்டை ஏன் மாமா என் பக்கம் திரும்பிப் பார்க்கணும்? வீட்டில் கதவோரம் நிமிர்த்தி வைத்தால் காலையில் தெற்கே தலைவைத்து நீட்டிப் படுத்திருக்கிறது. நான்தான் எழுப்பி உட்கார வைக்கிறேன். பொழுது சாய்ந்தால் என் வலது தொடையில் உலக்கையால் இடித்த மாதிரி வலி. தெரு நாய் எங்கள் வாசலைச் சுற்றிக்கொண்டு போகிறது. "இன்னாத்த தூக்கினு வந்து வெச்சிகீற, உள்ள யாரோ பல்ல கடிக்கிற சத்தம் கேக்குது" என்று குணா இரண்டு தரம் கேட்டுவிட்டாள். எலி என்றேன்.

மூட்டை கட்டியபோது எடை போட்ட பழைய இரும்புக் கடை அந்தோணியின் தராசிலேயே மறுபடி வைத்துப் பார்த்தேன். முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போன வாட்டிக்கு இப்ப பத்து கிலோ ஏறிக்கீது நைனா. உள்ள போட்டு இன்னாத்த வளக்குற" என்றார். மாஸ்டரிடம் சொன்னால், "மண்ணு மண்ணுதான்பா, பயந்துகினு இருந்தா ஒடம்பு தேறாது" என்று தானே தூக்கினார். நாலு எட்டு வைத்தவர் நின்றார். மெதுவாகக் கீழே இறக்கினார். மூட்டையைப் பார்த்து "சாரி சார்" என்றார். மறுநாளிலிருந்து மைதானத்தின் அந்தக் கோடிக்கு மாறிவிட்டார்.

நாளை காலை டெஸ்ட். நான் தேறுவேனா, வேலை நிற்குமா என்று ஒரு பயம், ராத்திரி அதோடு ஒரே கூரையின் கீழ் படுக்கணுமே என்று இன்னொரு பயம். தாங்கள் கோயில் தர்மகர்த்தா. தயவுசெய்து பூசாரியையும் திடமான நாலு ஆட்களையும் அழைத்துவந்து உங்கள் ஊர் ராஜாவை மரியாதையோடு திரும்ப அழைத்துப் போங்கள். தொடையைத் திருடியது நான்தான் என்று அக்காவிடம் மட்டும் சொல்லாதீர்கள், ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அக்கா பாதங்களுக்கு நமஸ்காரம், எருமைகளுக்கு என் விசாரிப்பு. தங்கள் ஆசியையும், முடிந்தால் தங்கள் டிராக்டரையும் எதிர்பார்க்கும்,

மைத்துனன் பார்த்திபன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது குணா வந்து சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். மாஸ்டர் ரகசியமாகச் சொல்லி, தினமும் நான் குளிக்கப் போனதும் ஒரு கொட்டாங்கச்சி மண்ணை மூட்டையில் போட்டு வந்திருக்கிறாள். தெரியாமல் ஏற்றினால்தான் உடம்பு ஏற்குமாம். பல் கடிக்கும் சத்தம், "சாரி சார்" எல்லாம் வேஷமாம். எனக்கு உயிர் வந்தது. ஆகவே மேலே எழுதியதெல்லாம் பொய், தாங்கள் வர வேண்டாம் என்று எழுத நினைக்கிறேன், தூக்கம் வருகிறது, மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

இது மறுநாள் சாயங்காலம் எழுதுவது. டெஸ்டில் தேறிவிட்டேன் மாமா. கம்பெனி மூட்டை தலையணை மாதிரி வந்தது, நடந்தேன், அந்தக் கோடியில் இறக்கி வைத்தேன், மேனேஜர் கையைக் குலுக்கினார். எனக்கு அடுத்து சுப்பிரமணி, என் கூடவே வேலைக்குச் சேர்ந்தவன், இரண்டு பெண் பிள்ளைகள். நான் இறக்கி வைத்த மூட்டையை அவனால் அசைக்க முடியவில்லை. மேனேஜர் தள்ளிப் பார்த்தார், முடியவில்லை. மூட்டை தூக்கும் போர்க்லிப்ட் வண்டி வந்தது. அதன் பின்சக்கரம்தான் மேலே எழும்பியது. திங்கட்கிழமை அதே மூட்டையை அவன் தூக்கியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தேன். குணா பெருக்கிக்கொண்டே நம் மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். மண்ணைக் கொட்டிவிட்டாயா என்றேன். "இல்லியே, அப்டியேதான் கீது. இன்னான்னு தெர்ல, இன்னிக்கு லேசா கீது" என்றாள்.

திங்கட்கிழமைக்குள் வந்துவிடுங்கள். வீட்டுக்கு வேண்டாம், நேராகக் கம்பெனி கேட்டுக்கு வந்துவிடுங்கள்.