அசையாமல் உட்கார்ந்த குற்றம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நலம் விசாரித்துவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு முறை அதை இரண்டாம் பத்திக்குத் தள்ளிவைக்கிறேன். முதலில் ஒரு திருத்தம். இரண்டு வாரங்களுக்கு முன், சனிக்கிழமை, நான் கூடத்தில் மயங்கி விழுந்து கிடந்ததாகவும், கதவை உடைத்துத்தான் என்னைக் காப்பாற்றியதாகவும் உன் அத்தை உறவு முழுக்கச் சொல்லி வருகிறாள். நான் விழவில்லை. மயங்கவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். கதவு உடைந்தது மட்டும் உண்மை.

நீயும் மருமகளும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சௌக்கியம் உன் கைப்பேசியில் பச்சைப் புள்ளியாகத் தெரிகிறதாமே, அதனால் அதைத் தனியாக எழுதவில்லை.

நீ ஆள் அனுப்பி மாட்டியவை மொத்தம் ஏழு. வாசலில் ஒரு கேமரா, கூடத்தில் ஒரு கேமரா, கதவிலும் ஜன்னலிலும் திறந்தால் கத்துகிற இரண்டு, சுவர் மூலையில் ஆள் அசைகிறதா என்று பார்க்கிற வெள்ளைப் பெட்டி, சமையலறையில் புகையை மோப்பம் பிடிக்கிற வட்டம், புத்தக அலமாரியின் மேல் பேசுகிற உருளை. மாட்ட வந்த மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன், ஏணியின் கால்களுக்குத் துணி சுற்றிய பிறகுதான் தரையில் வைத்தார். "இனிமே நீங்க தனியா இல்லம்மா, இருபத்துநாலு மணி நேரமும் உங்களப் பாத்துட்டே இருக்கும்" என்றார். "எங்க வீட்டுக்காரரே என்னை அவ்வளவு நேரம் பாத்ததில்லப்பா" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. அன்றிலிருந்து காலை ஆறரைக்கெல்லாம் தலை வாரி, இஸ்திரி போட்ட உடை உடுத்தித்தான் கூடத்துக்கு வருவேன். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது முகமன் சொல்லாமல் கடந்து போவது எனக்குப் பழக்கமில்லை என்பதால், கேமராவைப் பார்த்துக் காலை வணக்கமும் சொல்வேன். பத்தொன்பது நாள் சொன்னேன். இருபதாம் நாள் நீ போன் செய்தபோது, "ஏண்டா, பதிலுக்கு ஒரு வணக்கம் சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். "அது சும்மா ரெக்கார்ட் ஆகுதும்மா, அதை யாரு உக்காந்து பாப்பாங்க?" என்றாய். நீ சொன்னது நியாயம்தான். உனக்கு ஆயிரம் வேலை. ஆனாலும் அன்று முழுவதும் எனக்குப் புத்தகம் ஓடவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமை. நான் படித்த கான்வென்டில் படிப்பு நேரத்தில் யாருடைய நாற்காலியாவது கிரீச்சிட்டால், அந்த வரிசையே எழுந்து நிற்க வேண்டும். அப்படிப் பழகிய உடம்பு இது, உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பக்கம் புரட்ட எனக்கு ஒரு விரல் போதும், அந்த விரல் வெள்ளைப் பெட்டியின் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து அலமாரியின் மேலிருந்து ஒரு குரல், "நலமாக இருக்கிறீர்களா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்" என்றது. தான் யார் என்று சொல்லாமல், படிக்கிறவளை இடைமறித்துக் கேள்வி கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. மூன்று முறை கேட்டது. பிறகு கேட்கவில்லை, மரியாதை புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இருபது நிமிடத்தில் வாசல் மணி அடித்தது. படித்த இடத்தில் அடையாளம் வைத்து, கண்ணாடியைக் கழற்றி, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நான் எழுந்திருப்பதற்குள் கதவு என்னை நோக்கி வந்துவிட்டது.

பாதுகாப்புக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர், பின்னால் மூச்சு வாங்கியபடி நம் குடியிருப்பின் காவலாளி. "அம்மா, அசையாதீங்க! அப்படியே இருங்க!" என்று முன்னால் வந்தவர் கத்தினார்.

"அசையாம இருந்ததுக்குத்தானே கதவ உடைச்சீங்க?" என்றேன்.

காவலாளி உடைந்த தாழ்ப்பாளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "மாத்துச் சாவி என்கிட்டதான் சார் இருக்கு. யாரும் கேக்கலியே!"

"மிஷின் மூணு வாட்டி கேட்டுச்சேம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார் முன்னால் வந்தவர்.

"தான் யாருன்னு அது சொல்லிச்சா?"

அவர் குனிந்து தாழ்ப்பாளின் துண்டுகளைப் பொறுக்கி மேஜையில் வைத்தார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவ கேட்டா நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிடுங்கம்மா, போதும். எங்களுக்கும் பயமா இருக்கும்ல?" என்றார். அதை அவர் சொன்ன விதம் பிடித்திருந்தது. சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. இதற்காக முதியோர் இல்லத்தின் வண்ணப் புத்தகத்தை எனக்கு அனுப்பியிருக்கிறாய். ஒன்றாம் தேதி நீ வந்து கையெழுத்துப் போடப்போவதாகவும், வீட்டைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொள்ளப்போவதாகவும் உன் அத்தை சொல்கிறாள். "அண்ணி, பிடிவாதம் பிடிக்காதீங்க, அங்க பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும்" என்றும் சொன்னாள். அந்தப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களிலும் கிழவிகள் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். எதற்கு என்றுதான் போடவில்லை. முப்பத்தொரு வருடம் இருந்த வீடு இது. மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறேன், அடுப்பை அணைத்துவிட்டுத்தான் நகர்கிறேன், இரண்டு மாடியும் நானே ஏறுகிறேன். ஒரு பெட்டி தப்பாகக் கணித்ததற்கு நான் வீட்டை விட்டுப் போக முடியாது. கையெழுத்துப் போடாதே. அந்த ஏழு கருவிகளையும் கழற்றச் சொல். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் வந்து பார்.

உங்கள் எல்லோருக்கும் என் ஆசிகள். மருமகளிடம் நான் விசாரித்ததாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடியும் பிரித்தேன், அதுதான் அதன் வாய் கசங்கியிருக்கிறது. மேலே எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் போன செவ்வாய்க்கிழமையும் அதில் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை குளியலறை வாசலில் நிஜமாகவே விழுந்தேன். இடது இடுப்பு. எழுந்திருக்க முடியவில்லை. சனிக்கிழமைக்குப் பிறகு அதன் பொறுமையைக் குறைத்துவைத்திருக்கிறார்கள், கொஞ்ச நேரத்திலேயே கூடத்திலிருந்து அந்தக் குரல் நலமா என்று கேட்டது. தரையில் கிடந்தபடி, "நல்லா இருக்கேன், நன்றி" என்றேன். வாக்குக் கொடுத்திருந்தேன் என்பது ஒரு சாக்கு. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லிப் பழக்கம், வேறு பதில் வாயில் வரவில்லை. அது "மகிழ்ச்சி" என்று சொல்லிவிட்டு அடங்கிவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் கையை ஊன்றி எழுந்தேன். எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொன்னார், இப்போது நடக்கிறேன்.

நீ கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் என் குரலைக் கேட்டு நீ அதை நம்பியிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். இதையும் சேர்த்து யோசித்து, நான் எங்கே இருக்கலாம் என்று சொல். போனில் வேண்டாம், போனில் நான் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடுவேன். உன் கையால் பதில் எழுது.